முந்திப் போட்ட குரவை

என் வாயைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. சாய்ந்தமருதில் பள்ளிவாசலுக்குப் பின் தெருவில் வந்து ஸம்ஸியா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள், எந்த ஸம்ஸியா என்பார்கள். வாய்க்காரி ஸம்ஸியா என்று கேளுங்கள், வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் போவார்கள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். பொய் சொல்லத் தெரியாத நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொன்னால் அதைப் பிறகு ஞாபகம் வைத்திருக்க வேண்டும், அந்தப் பொறுமை எனக்கில்லை. அப்படிப்பட்ட நான் என் மனுசனுக்கு ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்வதென்றால் அவருடைய தொண்டையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் மனுசன் அப்துல் கபூர் கரைவலைக்காரர். தோணி போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்தபின் கரையில் இரண்டு கயிறு இருக்கும். வடக்கே இருபது பேர், தெற்கே இருபது பேர் நின்று இழுப்பார்கள். ஒரு பக்கம் முந்திவிட்டால் வலை கோணிக்கொள்ளும், மீன் போய்விடும். அதனால் நடுவில் ஒருவர் நின்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கிற மாதிரிச் சத்தம் கொடுக்க வேண்டும். முப்பது வருசமாக அது இவருடைய வேலை. அலை இரைச்சலையும் தாண்டி அந்தச் சத்தம் எங்கள் குசினிக்குள் வரும். "வடக்கால பைய! தெக்கால எடு, எடு!" என்று கேட்டால் வலை கரைக்குக் கிட்ட வந்துவிட்டதென்று அர்த்தம். நான் தேங்காய் துருவ உட்காருவேன்.

கடற்கரையில் அவ்வளவு சத்தம் போடுகிற மனுசன் வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டார். கடற்கரையில் எனக்கும் சேர்த்து அவரும், வீட்டில் அவருக்கும் சேர்த்து நானும் என்று அல்லாஹ் பங்கு பிரித்துவிட்டான் போல. என்னைக் கூப்பிடுவது ‘இஞ்ச’ என்று. மகள் பிறந்தபின் ‘றுஸ்தாட உம்மா’. பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு வெட்கம். இருபத்தாறு வருசத்தில் அவர் வாயால் என் பெயர் வந்து நான் கேட்டதில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததுமில்லை.

போன ஐப்பசியில் அவருக்குத் தொண்டை அடைத்தது. கரைவலைக்காரனுக்குத் தொண்டை அடைப்பது எங்கள் ஊரில் ஒரு செய்தியா? கத்துகிற மனுசன், அடைக்கும்தான் என்றார்கள். நானும் அதையே சொன்னேன். கற்கண்டும் மிளகும் கொடுத்தேன், கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், மௌலவியிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து கொடுத்தேன். பீடியை விடச் சொல்லிச் சண்டை பிடித்தேன். பிறகு மாரி வந்தது, கடல் கொந்தளித்து வலையைக் கட்டி வைத்தார்கள். இரண்டு மாதம் அவர் ஒரு சத்தமும் போடவில்லை. சும்மா கிடந்த தொண்டை சுகப்பட்டிருக்க வேண்டும்தானே? சுகப்படவில்லை. அதை யோசிக்க எனக்குப் புத்தி வரவில்லை. வாய் நீளமாக இருந்து என்ன பிரயோசனம், புத்தி கட்டையாகப் போய்விட்டதே.

நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். மகள் றுஸ்தாதான் சொன்னாள். அவளுக்கு மருதமுனையில் மாப்பிள்ளை பேசி வைத்திருந்தோம். பஸால் என்று பெயர், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற பொடியன். ஹஜ்ஜுப் பெருநாள் கழித்துக் கலியாணம் என்று பேச்சு.

"உம்மா, அவர் வாப்பாவோட போன்ல கதைச்சாராம். வாப்பா என்ன செல்ற எண்டு ஒண்டும் வெளங்கல்லயாம். காத்துத்தான் வருதாம்" என்றாள்.

அடுத்த கிழமையே பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றுதான் நின்றார். தொண்டை டொக்டர் ஒரு சின்னப் பிள்ளை. கஜேந்தினி என்று சட்டையில் பெயர் இருந்தது. எங்கள் மகளை விட ஏழெட்டு வயசு கூட இருக்கும், அவ்வளவுதான். எவ்வளவு காலமாக என்று கேட்டாள். நான் ஆறு மாதம் என்றேன். அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

"ஐயா, பயப்பிடாதீங்க. மூக்குக்குள்ளால ஒரு மெல்லிய வயர் போகும். நுனியில கமரா இருக்கு. உங்கட தொண்டை இந்த டீவியில தெரியும். நோகாது, ஒரு மாதிரிக் கூசும்" என்றாள்.

மூக்குக்குள் மருந்து அடித்தார்கள். கைக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். மரத்துப்போனதும் அந்தக் கறுத்த வயரை மெல்ல மெல்ல உள்ளே விட்டாள். எவ்வளவு கடல் குடித்த மனுசன், கதிரையின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் டீவியைப் பார்த்தேன். முதலில் சிவப்பாகச் சளியாக என்னமோ ஓடியது. பிறகு ஒரு இடத்தில் வந்து நின்றது. நடுவில் ஒரு இருட்டு. அதன் இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை நாடா. ஆனால் ஒன்றுதான் வெள்ளை. மற்றதன் மேல் கட்டி கட்டியாக ஒன்று ஏறிக் குந்தியிருந்தது.

"மூச்ச நல்லா இழுங்க ஐயா. ம்ம். இப்ப ‘ஈ’ எண்டு இழுங்க. இழுங்க, இழுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இடத்தில் சிரிக்கலாமா? ஆனால் ஊரையே இழு இழு என்று முப்பது வருசமாக அதட்டிய மனுசனை ஒரு சின்னப் பிள்ளை இழுங்க இழுங்க என்கிறாள். அவருக்கும் அது பிடிபட்டிருக்க வேண்டும், ஓரக் கண்ணால் என்னைப் பார்த்தார். பிறகு ‘ஈ’ என்றார். ‘ஈ’ வரவில்லை. சைக்கிள் டயரில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டீவியில் ஒரு நாடா ஓடிவந்து நடுவில் நின்றது. மற்றது இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டுக்கும் இடையில் அந்த இருட்டு அப்படியே திறந்து கிடந்தது.

"ரெண்டும் வந்து ஒண்டோட ஒண்டு சேந்தாத்தான் சத்தம் அம்மா. சேராட்டி வெறும் காத்துத்தான் வரும்" என்று டொக்டர் எனக்குச் சொன்னாள்.

வயரை எடுத்ததும் அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு கரகரவென்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரு கயிறுதான் இழுபடுது, மகள். மத்தக் கயிறு எங்கயோ கல்லுல மாட்டிட்டு." டொக்டருக்கு விளங்கியதோ என்னவோ, ஓம் ஐயா என்றாள்.

ஒரு கிழமை கழித்து மயக்க மருந்து கொடுத்து, வாய்க்குள்ளால் குழாய் வைத்துப் பார்த்து, அந்தக் கட்டியில் ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்க எடுத்தார்கள். அதற்குப் பிறகு இருந்த சத்தத்திலும் பாதி போய்விட்டது. சோதித்த முடிவு வந்த அன்று டொக்டர் கதவைச் சாத்தினாள். எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னாள். நோயின் பெயரைச் சொல்லவில்லை.

"மஹரகமைக்குக் கடிதம் தாறன்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அந்த நோயின் பெயரை வாயால் எடுப்பதில்லை. கொழும்புப் பக்கம் அந்த நோய்க்கென்றே இருக்கிற ஆஸ்பத்திரி அது. மஹரகமைக்குப் போகணுமாம் என்றால் போதும், கேட்டவர்கள் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள், துஆச் செய்கிறோம் என்று எழும்பிவிடுவார்கள். நான் அதையே எத்தனை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு எழும்பி வந்திருக்கிறேன்! இப்போது எழும்பிப் போக எனக்கு இடமில்லை.

"கட்டிய மட்டும் எடுக்கேலாது. குரல்வளைய முழுசா எடுக்கணும். கழுத்தில ஒரு ஓட்டை வைப்பாங்க, மூச்சு அதால போகும். உயிருக்கு நல்லது ஐயா. ஆனா சத்தம்..." என்று நிறுத்தினாள்.

நான் அழுதேன். அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மகள்ட காவினுக்கு சத்தம் இரிக்குமா?"

அந்தப் பிள்ளை முஸ்லிம் இல்லை, தமிழ்ப் பிள்ளை, அவளுக்கு எப்படித் தெரியும்? காவின் என்றால் என்ன என்று என்னைக் கேட்டாள். நான் மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். எங்களில் கலியாணத்தன்று பள்ளிவாசலில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு சொல்லும்தான் கலியாணம், சோறும் சேலையும் எல்லாம் பிறகு. இவருக்கு ஒரே பிள்ளை. அவள் பிறந்த நாளிலிருந்து அந்தச் சொல்லைச் சொல்லக் காத்திருக்கிறார். அதுவும் சும்மாவா, கடற்கரைக்குக் கேட்கிற சத்தத்தில் சொல்வேன் என்று அவளைத் தோளில் வைத்துக்கொண்டு சொல்லித் திரிந்த மனுசன்.

"எப்ப கலியாணம்?"

"ஹஜ்ஜுப் பெருநாள் முடிஞ்சி."

"அவ்வளவு காலம் பொறுக்கேலாது அம்மா" என்றாள். "அந்தச் சொல்ல மட்டும் முந்திச் சொல்லலாம்தானே? போறதுக்கு முதல் செய்ங்க. அது மட்டும் கதைக்க வேணாம். குசுகுசுக்கவும் வேணாம், அதுவும் தொண்டைய வருத்தும். இருக்கிற சத்தத்த அண்டைக்கெண்டு வைச்சிருங்க."

அவளைக் கட்டிப் பிடித்துக் கொஞ்சத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு காவின், திங்கட்கிழமை மஹரகமை என்று முடிவானது. காவின் வரைக்கும் இன்னும் ஒன்பது நாள். பஸால் வீட்டார் நல்ல மனுசர், ஒரு சொல் மறுத்துச் சொல்லவில்லை. மௌலவிதான் வந்து, கபூர் காக்காவுக்குக் கஷ்டமென்றால் வேறு ஒருத்தருக்குப் பொறுப்புக் கொடுக்கலாம், அவர் சொல்லுவார், மார்க்கத்தில் அது கூடும் என்றார். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. "மௌலவி செல்றதும் நல்லதானே, காக்காமாரு ஆராச்சும் செல்லட்டுமே" என்று அவருடைய அண்ணன்மாரைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை! கொப்பியை எடுத்தார். அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவர், எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பேரீச்சம்பழம் அளவு இருக்கும். ‘நான்தான் வாப்பா’ என்று எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு அடித்தார். பிறகு மௌலவிக்கென்று இன்னொன்று எழுதினார். ‘வெளி இஸ்பீக்கரும் போடணும். ஊருக்கு கேக்கணும்.’

அந்தக் கொப்பி அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. றுஸ்தா வாங்கிக் கொடுத்தாள். அவர் எழுதுவார், நான் உரத்து வாசித்துவிட்டுப் பதில் சொல்வேன். ‘தேத்தண்ணி’ என்று எழுதினால் "தேத்தண்ணி! இப்பதானே குடிச்ச நீங்க?" என்பேன். ‘சீனி காணா’ என்று எழுதுவார், போதாதாம். "சீனி காணா! எல்லாம் காணும்" என்பேன். கோபம் வந்தால் இரண்டு கோடு. இரண்டு கோடும் போதாவிட்டால் கொப்பியை மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார். வாய்ச் சண்டைக்கு ஆள் இல்லாமல் நான் இரண்டு பேருடைய சண்டையையும் தனியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் காவல் மட்டும் கண் மூடவில்லை. தும்மினாலும் பார்ப்பேன். ஒரு நாள், செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன், நான் கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். அவர் வந்து பக்கத்தில் நின்றார். கையில் கொப்பி இல்லை. நான் நிமிர்ந்து பார்க்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"வாய மூடுங்க! ஒங்களுக்கு ஒரு கத செல்லி வெளங்காதா? மகள்ட காவின நினைச்சிப் பாருங்க!" என்று சட்டியைத் தூக்கி அடிக்காத குறையாகக் கத்தினேன். பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலை எட்டிப் பார்த்தது.

மூடிக்கொண்டார். நான் உள்ளே போய்க் கொப்பியைக் கொண்டுவந்து நீட்டி, "என்ன செல்ல வந்த?" என்று கேட்டேன். ‘ஒண்டுமில்ல’ என்று எழுதினார்.

"ஒண்டுமில்ல! அப்ப என்னத்துக்கு வாயத் திறந்த?" என்று அதற்கும் ஏசினேன்.

இப்போது நினைத்தால் நெஞ்சு பற்றி எரிகிறது. அந்த ஒன்பது நாளும் அவரிடம் கொஞ்சம் சத்தம் இருந்தது. கரகரவென்றாவது இருந்தது. அதை ஒரு சொல்லுக்காகப் பூட்டி வைத்துத் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள் நான். ஒன்பது நாள் பேசவிட்டிருந்தால் ஒன்பது நாள் கேட்டிருப்பேனே.

வெள்ளிக்கிழமை வந்தது. அவருக்கு வெள்ளைச் சாரனும் வெள்ளைச் சட்டையும் கஞ்சி போட்டு வைத்திருந்தேன். தொப்பியைச் சரிசெய்துகொண்டு மகளின் தலையில் கை வைத்தார். அவளுக்கு அழுகை. எனக்குச் சைகையால் வெளியே இருக்கிற ஸ்பீக்கரைக் காட்டி, காதையும் காட்டிவிட்டுப் போனார்.

காவினுக்குப் பள்ளிவாசலுக்குள் ஆம்பிளைகள்தான். நாங்கள் வீட்டில். எங்கள் மதிலுக்கும் பள்ளி மதிலுக்கும் நடுவில் ஒரு ஒழுங்கைதான். அவருக்கு மூத்தவள், ராத்தா சுபைறா மச்சி, அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று ஒரு வீடு நிறைய ஆட்கள். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னதும் பெண் வீட்டில் குரவை போட வேண்டும். இப்போது சிலர் குரவை கூடாது என்கிறார்கள். கூடுமோ கூடாதோ, என் மகளுக்கு நான் போடுவேன் என்று முதலே சொல்லி வைத்திருந்தேன். எல்லாரும் நாக்கை நனைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மௌலவி குத்பா ஓதி முடித்தார். "கபூர் காக்கா, மைக்க நல்லாக் கிட்டப் பிடிங்க" என்றது கேட்டது. மைக் சட்டையில் உரசியது. நான் ஜன்னலடியில் போய் நின்றேன்.

பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லையென்றால், ஸ்... என்று ஒரு இரைச்சல். சத்தம் வரவில்லை. ஒன்பது நாள் பூட்டி வைத்த சத்தம் அந்த நேரம் பார்த்து ஒரு சொட்டும் வரவில்லை.

"என்னகா, கரண்ட் போயிட்டா?" என்றாள் ஒருத்தி.

"மைக் பழுதாப் போயிட்டு போல" என்றாள் இன்னொருத்தி.

கரண்டும் போகவில்லை, மைக்கும் பழுதில்லை. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். டீவியில் பார்த்தவள் நான் ஒருத்திதானே. ஒரு நாடா ஓடி வருகிறது, மற்றது கிடந்த இடத்தில் கிடக்கிறது, நடுவால் காற்று போகிறது. அது இரைச்சல் இல்லை. என் மனுசன் கதைக்கிறார். அவர் சொல்லவேண்டிய சொல் எனக்கு மனப்பாடம், அவருடைய மூச்சு நிற்கிற இடமெல்லாம் நானும் கூடவே போனேன். என்ட மகள், நின்றது. றுஸ்தாவ, நின்றது. ஒங்களுக்கு நிக்காஹ் செஞ்சி தந்தேன். காற்று அடங்கியது. சொல்லி முடித்துவிட்டார்.

நான் குரவை போட்டேன்.

போடவேண்டுமென்று நினைத்துப் போடவில்லை. வாய் தானாகத் திறந்துவிட்டது. தனிக் குரவை. அந்த அமைதிக்குள் அது ஒழுங்கையைத் தாண்டிப் பள்ளிவாசலுக்குள்ளும் போயிருக்கும். சுபைறா மச்சி என் தொடையில் ஒரு அடி போட்டாள்.

"உனக்கென்ன பைத்தியமா கா! மாப்பிள்ள இன்னம் ஒண்டும் செல்லல்ல!"

"செல்லிட்டாரு மச்சி, அவரு செல்லிட்டாரு" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை.

பிறகுதான் பஸாலின் குரல் வந்தது. கணக்கு வாத்தியாரின் குரல், தெளிவாக, சாய்ந்தமருது முழுதும் கேட்கிற மாதிரி, ஏற்றுக்கொண்டேன் என்றது. மாப்பிள்ளை தன் காதை இவருடைய வாயோடு வைத்துக் கேட்டாராம், சாட்சிக்காரர் இரண்டு பேரும் குனிந்து கேட்டார்களாம், பள்ளியிலிருந்து வந்தவர்கள் பிறகு சொன்னார்கள். காவினில் ஒரு குறையும் இல்லை. ஊருக்குத்தான் பதில் மட்டும் கேட்டது. எல்லாப் பெண்களும் சேர்ந்து குரவை போட்டார்கள். என்னால் இரண்டாவது தடவை போட முடியவில்லை.

பொழுது சாய, மஃரிப் தொழுகைக்கு முதல் அவர் வந்தார். சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. சனங்களை விலக்கிக்கொண்டு நேரே குசினிக்கு, என்னிடம் வந்தார். கொப்பியைத் தேடவில்லை. என் காதுக்குக் கிட்டக் குனிந்து, இருந்த காற்றையெல்லாம் கூட்டி ஒரு சொல் சொன்னார்.

"கேட்டிச்சா?"

உள்ளதை உள்ளபடி சொல்கிற ஸம்ஸியா, முகத்துக்கு நேரே சொல்கிற வாய்க்காரி, அந்த முகத்தைப் பார்த்தேன்.

"கேக்காமலா குரவ போட்ட நாங்க? கடற்கர வரைக்கும் கேட்டிச்சி. தெருவுல நிண்ட ஆக்களெல்லாம் செல்றாங்க" என்றேன்.

சிரித்தார். சுவரில் சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்து தேத்தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினார். நான் மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் கொஞ்சம் கொஞ்சம் காற்றாகக் கதைத்தார். பேக், மாத்திரை, ஜன்னலைத் திற என்று எல்லாம் சில்லறைக் கதை. மஹரகமையில் அவரை உள்ளே கொண்டுபோகும்போதும் ஒன்றும் சொல்லவில்லை, கையைத்தான் ஆட்டினார். வெளியே வந்தபோது கழுத்தில் ஓட்டை இருந்தது. அழுதார், அழுகைக்கும் சத்தம் இல்லை. ஒரு ஆம்பிளை சத்தமில்லாமல் அழுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதைப் போல் கொடுமை ஒன்று இல்லை.

அல்லாஹ் காப்பாற்றினான், உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். கரைவலைக்கு இப்போது வேறு ஒருவன் சத்தம் கொடுக்கிறான். அவன் எவ்வளவு கத்தினாலும் நான் தேங்காய் துருவ உட்காருவதில்லை, மீன் வீட்டுக்கு வந்த பிறகுதான். இவர் போய்க் கரையில் நிற்பார், நின்றுவிட்டு வருவார்.

பஸாலின் கூட்டாளி ஒருவன் காவினைப் போனில் படம் பிடித்திருந்தான். அதை வாப்பாவுக்குக் காட்டக்கூடாது என்று மகளிடமும் மருமகனிடமும் ஒற்றைக் காலில் நின்று சத்தியம் வாங்கியிருந்தேன். நாலு மாதம் ஒளித்தார்கள். போன கிழமை, அஸர் நேரம், றுஸ்தா போனைக் கதிரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். இவர் எதையோ தேடி அதை எடுத்திருக்கிறார்.

நான் குசினியில் இருந்தேன். முன் விறாந்தையிலிருந்து ஸ்... என்று ஒரு இரைச்சல் கேட்டது. பிறகு தூரத்தில் ஒரு குரவை, ஒற்றைக் குரவை. பிறகு பஸாலின் ‘ஏற்றுக்கொண்டேன்’. கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தேன். திரும்பவும் இரைச்சல். திரும்பவும் குரவை. மூன்றாம் தடவை நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

கொப்பியை எடுத்தார். எழுதினார். நான் வழக்கம்போல் உரத்து வாசித்தேன்.

"ஆருக்கும் கேக்கல்ல."

மறுத்துச் சொல்ல ஆயிரம் கதை வாயில் வந்தது. போன் பழசு, படம் பிடித்தவன் தூரத்தில் நின்றான், இப்படி. ஒன்றையும் சொல்லவில்லை.

"ஓம். கேக்கல்ல. நான் பொய் செல்லிட்டன்" என்றேன்.

இரண்டு கோடு அடிப்பார் என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கீழே இன்னொன்று எழுதினார்.

"ஒனக்கு மட்டும் கேட்டிரிக்கு" என்று வாசித்தேன். அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். நாலு மாதமாக நெஞ்சுக்குள் முள்ளாகக் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"அண்டைக்கு கிணத்தடில என்ன செல்ல வந்த நீங்க? உண்மையச் செல்லுங்க. ஒண்டுமில்ல எண்டு எழுத வேணாம்."

பேனையை எடுத்தார். முகத்தில் அந்தப் பழைய வெட்கம் வந்தது. பிறகு குனிந்து எழுதினார்.

"சத்தம் போக முந்தி ஒன்ட பேர ஒருக்கா கூப்பிட்டுப் பாக்க" என்று வாசித்தேன்.

அதற்குக் கீழே, பெரிய பெரிய எழுத்தில், ‘ஸ’னாவுக்குச் ‘ச’னாப் போட்டு, பிழை பிழையாக என் பெயரை எழுதினார். எழுதிவிட்டு, வாசி என்று கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

அவர் எழுதுகிற எல்லாவற்றையும் உரத்து வாசிக்கிறவள் நான். அதை மட்டும் வாசிக்க எனக்கு ஏலவில்லை.